‘நேரா நில்லு’ என்கிறார்கள், நின்றால் வலிக்கிறது

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தன் பெயரோ கடையின் பெயரோ வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம், சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. ஆறு வருடமாக ஒரு பெரிய ஜவுளிக் கடையின் சுடிதார் பிரிவில் வேலை. காலை 9.30க்கு உள்ளே போனால் இரவு 9 மணிக்குத்தான் வெளியே வருகிறார். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கடைக்குள் செருப்பு போட அனுமதி இல்லை, தரையோ கிரானைட். கூட்டமே இல்லாத மதிய நேரத்தில்கூட உட்காரக் கூடாது. ரேக்கில் கொஞ்சம் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வந்துவிடுவாராம். ஒரு வருடமாகக் கீழ் முதுகில் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துகிறது. இடது கெண்டைக்காலில் நீலக் கோடுகள் புடைத்திருக்கின்றன. மாமியார் அதை நரம்பு சுருட்டு என்கிறார்.

“நீ கூன் போட்டு நிக்கிற, அதான் வலிக்குது” என்று சூப்பர்வைசர் சொன்னாராம். அதிலிருந்து மூன்று மாதமாக நெஞ்சை நிமிர்த்தி, தோளைப் பின்னுக்கு இழுத்து, முழங்காலை விறைப்பாக்கி நின்று பார்க்கிறார். வலி கூடியிருக்கிறது. ஆன்லைனில் 800 ரூபாய்க்குத் தோள்பட்டை பெல்ட் ஒன்று வாங்கிச் சீருடைச் சேலைக்குள் நாள் முழுக்கப் போட்டுக்கொள்கிறார். அவர் கேட்பவை: “நான் நிற்கும் விதம்தான் தப்பா? பெல்ட்டை இன்னும் இறுக்க வேண்டுமா? நாற்காலி கேட்டால் வேலை போய்விடுமா? என் 13 வயது மகளுக்கும் ஒரு தோள் இறங்கித் தெரிகிறது. அது என்னிடமிருந்து வந்ததா?”

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிற்கும் விதத்தில் திருத்த வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உங்கள் வலியில் பெரும்பங்கு நிற்கும் நேரத்துக்குத்தான். பதினொரு மணி நேரம் கல் தரையில் வெறுங்காலோடு நின்றால், எவ்வளவு அழகாக நின்றாலும் இடுப்பு வலிக்கும். இருபத்தைந்து வருடம் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கும் என்னை நிறுத்தினாலும் வலிக்கும். ஆகவே, உங்கள் கூன்தான் குற்றவாளி என்ற அந்தத் தீர்ப்பை இன்றோடு தூக்கிப் போடுங்கள். நல்ல கூன் விழுந்தும் வலியே இல்லாதவர்களைப் பார்த்திருக்கிறேன். குச்சி மாதிரி நேராக நிற்கும் ஆட்கள் வலியோடு என்னிடம் வருவதும் தினமும் நடக்கிறது.

விறைப்பு வேறு, நேர் வேறு

பள்ளிக்கூடத்தில் சுதந்திர தின அணிவகுப்பு நினைவிருக்கிறதா? ‘அட்டென்ஷன்’ சொல்லி வெயிலில் அரை மணி நேரம் நிற்க வைப்பார்கள். நடுவில் யாராவது ஒரு பிள்ளை சரிந்து விழும். சாப்பிடாமல் வந்திருக்கும் என்பார் பி.டி. ஆசிரியர். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முக்கியமான காரணம் கெண்டைக்காலில் இருக்கிறது. இதயம் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளிவிடும். அது மேலே திரும்பி வருவதற்குக் கெண்டைத் தசை சுருங்கிப் பிழிந்துகொடுக்க வேண்டும். அசையாமல் நின்றால் அந்தப் பம்பு ஓடாது. ரத்தம் காலிலேயே தேங்கும், மூளைக்குப் போவது குறையும், தலை சுற்றும்.

மூன்று மாதமாக நீங்கள் செய்துகொண்டிருப்பது கிட்டத்தட்ட அந்த அட்டென்ஷன்தான். முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டும்போது இடுப்புக் கூடு முன்னால் சாய்கிறது. அதைச் சரிக்கட்ட முதுகின் கீழ்ப்பகுதி உள்ளே வளைகிறது. அதற்கு மேல் நெஞ்சையும் தூக்கினால் முதுகின் பின்பக்க மூட்டுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நாள் முழுக்க நிற்கும். வலி கூடாமல் என்ன செய்யும்?

முதுகெலும்பு நேர்கோடு என்பதே தவறான எண்ணம். பக்கவாட்டில் பார்த்தால் கழுத்தில் உள்வளைவு, மேல் முதுகில் வெளிவளைவு, இடுப்புக்கு மேல் மறுபடி உள்வளைவு. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, கீழ் முதுகில் 5 என்று 24 எலும்புகள் இப்படி வளைந்து நிற்பதால்தான் ஒரு ஸ்பிரிங் போல எடையைத் தாங்குகின்றன. இந்த வளைவுகளை நிமிர்த்தி ஒழிப்பது நம் வேலை கிடையாது. ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவைத்தால் போதும்.

கீழிருந்து மேலே

கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பாரே, அதே போல உங்கள் பக்கவாட்டில் ஒரு நூல் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். காது மடல், தோள்மூட்டு, இடுப்பு மூட்டு, முழங்கால் இவற்றையெல்லாம் ஏறக்குறைய தொட்டு, கணுக்கால் எலும்புக்குக் கொஞ்சம் முன்னால் அந்த நூல் இறங்க வேண்டும். ‘ஏறக்குறைய’ என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஒரு விரல்கடை முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் குடி மூழ்காது.

சரிசெய்வதைப் பாதத்திலிருந்து ஆரம்பியுங்கள். பெரும்பாலானவர்கள் தோளிலிருந்து ஆரம்பித்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பாதமும் இடுப்பகலத்துக்கு விலகியிருக்கட்டும். குதிகால், கட்டைவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி என மூன்று இடத்திலும் எடை இறங்குகிறதா பாருங்கள், அடுப்புக்கு மூன்று கல் மாதிரி. பிறகு முழங்கால். பின்னால் பூட்டாமல், மடக்கவும் செய்யாமல், பூட்டைத் திறந்து மட்டும் விடுங்கள். யாராவது பின்னாலிருந்து லேசாகத் தட்டினால் மடியும் அளவுக்கு இளகியிருந்தால் சரி.

அடுத்தது இடுப்புக் கூடு. அதை விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய அகலச் சட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைத் தள்ளி நின்றால் தண்ணீர் முன்னால் கொட்டும். பிட்டத்தை உள்ளே சுருட்டி நின்றால் பின்னால் கொட்டும். முன்னும் பின்னும் இரண்டு மூன்று தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, எங்கேயும் கொட்டாத நடுவில் நிறுத்துங்கள். உங்கள் கீழ் முதுகுக்கு நான் சொல்வதில் இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

நெஞ்சைத் தூக்க வேண்டாம். விலா எலும்புகள் இடுப்புக்கு நேர் மேலே இருந்தால் போதும். தோளை ஒரு முறை காது வரை தூக்கி, பின்னால் உருட்டி, தானாக விழ விடுங்கள். விழுந்த இடம்தான் அதன் இடம். தலைக்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. உங்கள் பாட்டி சும்மாடு கூட்டித் தண்ணீர்க் குடம் சுமந்திருந்தால் அவர் கழுத்தை நினைத்துப் பாருங்கள். மோவாய் வானத்தையும் பார்க்காது, மார்பையும் தொடாது. உச்சந்தலையில் சும்மாடு இருப்பதுபோல நினைத்து அதை மெல்ல மேலே தள்ளுங்கள். கழுத்து தானாக நீளும். சுமையைத் தூக்கச் சொல்லவில்லை, நினைப்பு மட்டும் போதும்.

சரியாக வந்ததா என்று வீட்டுச் சுவரில் பார்க்கலாம். குதிகாலைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, பிட்டமும் மேல் முதுகும் தலையின் பின்பக்கமும் சுவரைத் தொட நில்லுங்கள். கீழ் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கையைத் தட்டையாக நுழையுங்கள். கை உரசிக்கொண்டு போனால் நல்லது. முஷ்டியே போகிறதென்றால் வளைவு அதிகம், அப்போது சட்டியைக் கொஞ்சம் பின்னால் சாயுங்கள். தலை சுவரைத் தொடவில்லை என்றால் வலுக்கட்டாயமாக இடிக்க வேண்டாம். இது சரிபார்ப்பதற்கு மட்டும்தான். சுவர் போலவே நாள் முழுக்க நின்றுவிடாதீர்கள்.

பதினொரு மணி நேரத்தைக் கடத்துவது

எவ்வளவு நல்ல நிலையாக இருந்தாலும் அதிலேயே இருபது நிமிடம் நின்றால் அது கெட்ட நிலைதான். அதனால் மாற்றிக்கொண்டே இருங்கள். கவுண்டருக்குள் கீழ்த்தட்டு விளிம்போ, ஒரு செங்கல் உயரத்துக்குப் பழைய அட்டைப்பெட்டியோ இருந்தால் ஒரு காலை அதன்மேல் வையுங்கள். சில நிமிடம் கழித்து மறு காலை வையுங்கள். ஒரு கால் உயர்ந்தால் கீழ் முதுகின் வளைவு தளரும். இது உட்காருவதுபோல வெளியே தெரியாது என்பதால் சூப்பர்வைசருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒருபக்க இடுப்பில் எடையைப் போட்டு நிற்பது தப்பா என்றும் கேட்டிருந்தீர்கள். சோழர் காலத்து வெண்கல அம்மன்கள் அப்படித்தான் நிற்கிறார்கள், திரிபங்கம் என்று அதற்குப் பெயரே உண்டு. அழகுதான். வெண்கலத்துக்கு வலிக்காது, நமக்கு வலிக்கும். ஆனால் பக்கம் மாற்றி மாற்றி நின்றால் அதிலும் தப்பில்லை.

அரை மணிக்கு ஒரு தரம் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பதினைந்து தடவை. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் பக்கத்துச் சிரையில் அழுத்தம் சுமார் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும். வால்வுகள் நன்றாக இருப்பவர்களுக்குச் சில அடி நடந்தாலே அது 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இங்கேதான் உங்கள் மாமியார் சொன்னதைத் திருத்த வேண்டும். அந்த நீலக் கோடுகள் நரம்பு கிடையாது, ரத்தக் குழாய், அதாவது சிரை. ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் சின்ன வால்வுகள் தளர்ந்ததால் அது புடைத்திருக்கிறது. ‘வெரிகோஸ் வெயின்’ என்பது இதுதான். நீண்ட நேரம் நிற்பது இதை வளர்க்கும். நரம்புக்கென்று விற்கும் தைலத்தைத் தேய்த்து இது போகாது. இறுக்கக் காலுறை உதவக்கூடும், ஆனால் அளவெடுத்து, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே வாங்குங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் கட்டாயம் கேட்டுவிட்டுத்தான். இரவில் படுத்துக்கொண்டு இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துப் பத்து நிமிடம் இருங்கள். அது இன்றைக்கே செய்யலாம்.

குதிகால் வலிக்கு, கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே பாதவிரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்து முப்பது வினாடி பிடியுங்கள், மூன்று முறை. பிறகு சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கெண்டைக்காலை இழுத்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு வளர்ந்திருக்கிறது என்று யாராவது பயமுறுத்தினால் பதற வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி உண்டு. வீட்டிலாவது மெத்தென்ற செருப்பு போடுங்கள், வெறுந்தரையில் நடக்காதீர்கள்.

இன்னொன்று. கழிவறைக்குப் போக விட மாட்டார்கள் என்று தண்ணீரே குடிப்பதில்லை என எழுதியிருக்கிறீர்கள். இதை ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள், எனக்கு அதுதான் உறுத்தியது. சிறுநீர்த் தொற்றும் கீழ் முதுகு வலியாக வரலாம். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பெல்ட்

உங்கள் வலி இடுப்பில், பெல்ட் தோளில். இறுக்கி என்ன பயன்? தோள் இறங்குவதை நினைவூட்ட இருபது நிமிடம், அரை மணி போட்டுக்கொண்டால் பாதகமில்லை. நாள் முழுக்கப் போட்டால் அக்குளில் அழுத்தி விரல் மரத்துப்போகும், தசையும் தன் வேலையை மறந்து பெல்ட்டில் சாய்ந்துகொள்ளும். பெல்ட்டைவிட நல்லது பாயில் படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி ஐந்து வினாடி நிறுத்தி இறக்கும் பயிற்சி. பத்து முறை, வாரத்தில் நாலு நாள் செய்யுங்கள். அதற்குக் காசு இல்லை.

நாற்காலி கேட்பது

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் என்னிடம் வரும் கடைப் பெண்களுக்காக இதைத் தெரிந்துவைத்திருக்கிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. 2021இல் அதில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் இதற்கு மூன்று வருடம் முன்பே, 2018இல், இப்படி ஒரு திருத்தம் வந்துவிட்டது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பின் போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. அவர்கள் முதலில் கேட்டது கழிவறை, அப்புறம்தான் இருக்கை.

ஆகவே நீங்கள் கேட்கப்போவது சலுகை இல்லை. அதே சமயம், வாடிக்கையாளர் நிற்கும்போதும் உட்கார்ந்தே இருக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. கூட்டம் இல்லாத அந்த மதிய நேரத்தைத்தான் அது உங்களுக்குத் தருகிறது. உங்கள் இடுப்புக்கு அதுவே பெரிய விஷயம்.

வேலை போய்விடுமா என்ற கேள்விக்குப் போகாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சட்டத்தைக் காட்டிப் பேசிய ஒருவரை வேறு காரணம் சொல்லி அனுப்புவது கடைகளில் நடக்காத காரியம் இல்லை. அதனால் தனியாகப் போகாதீர்கள். உங்கள் பிரிவில் நாலைந்து பேருக்காவது இதே வலி இருக்கும், சேர்ந்து கேளுங்கள். சூப்பர்வைசரைத் தாண்டி மேலாளரிடம் பேசுங்கள். முதலில் எளிதாகக் கொடுக்கக்கூடியதைக் கேட்கலாம்: கவுண்டருக்குள் இரண்டு ஸ்டூல், நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பு, வாரத்தில் சில நாள் பட்டுப் பிரிவு மாதிரி பாயில் உட்கார்ந்து காட்டும் இடத்துக்கு மாற்றல். மருத்துவர் கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் பேச்சு சட்டத்திலிருந்து உடல்நலத்துக்குத் திரும்பும், பெரும்பாலும் அது சுமுகமாக முடியும். எதுவும் நடக்காவிட்டால் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். அந்தப் படிக்குப் போவதற்கு முன் வீட்டு வரவு செலவையும் பார்த்து, ஒரு தொழிற்சங்கத்திடமோ இலவச சட்ட உதவி மையத்திடமோ கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

வலி காலில் இறங்கிப் பாதம் பலமிழந்தால், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனால், சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தாலும் அப்படித்தான், அதைத் தேய்த்து நீவக் கூடாது. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காரணமில்லாத எடைக்குறைவு, கணுக்கால் பக்கம் ஆறாத புண் இவற்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

மகளின் தோள்

அது உங்கள் நிற்கும் பழக்கத்திலிருந்து அவளுக்குப் போகவில்லை. புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டுவதாலும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பத்து வயதுக்கு மேல் மளமளவென்று வளரும் பெண்பிள்ளைகளில் சிலருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது உண்டு. அவளைப் பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்து, முழங்காலை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து முதுகைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் கவலை இல்லை, ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். ஒரு பக்க விலா மட்டும் மேடாகத் தெரிந்தால் இந்த மாதமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ச்சி நிற்பதற்குள் பார்த்தால்தான் செய்ய நிறைய இருக்கும். அப்படி வளைந்திருந்தால் ‘நேரா நில்லு’ என்று திட்டுவதால் அது நிமிராது. அந்த வார்த்தை என்ன செய்யும் என்று இந்த மூன்று மாதத்தில் நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. ஒரு விடுப்பு நாளில் காலையிலேயே போய்விடுங்கள். போகும்போது நீங்கள் தினமும் பேருந்துக்குப் போட்டுப்போகும் பழைய செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள், புதுசு வேண்டாம். அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று நாங்கள் முதலில் அதைத்தான் திருப்பிப் பார்ப்போம்.